ஒரு மில்லிமீட்டர் துளையின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். எஞ்சின் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் எழுதியது அல்ல. லாரி, ஆட்டோ, டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும், பள்ளியில் 'அழுத்தம்' பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

அத்திப்பட்டு, வல்லூர், மீஞ்சூர் பக்கம் லாரியோடு தொடர்பில்லாத குடும்பம் குறைவு. அனல் மின் நிலையமும் துறைமுகமும் கன்டெய்னர் கிடங்குகளும் வந்த பிறகு, ஒருவர் ஓட்டுநர், ஒருவர் மெக்கானிக், ஒருவர் சொந்தமாக ஒரு வண்டி வைத்துத் தவணை கட்டுபவர் என்று ஆகிவிட்டது. அந்தத் தவணைக்காரருக்கு மிகவும் பயமான வாக்கியம் ஒன்று உண்டு: "கம்ப்ரஷன் போச்சு, எஞ்சினை இறக்கணும்." எஞ்சினை இறக்கினால் வண்டி ஓடாத நாட்கள், லேத் கூலி, ஸ்லீவ், பிஸ்டன், ரிங் செலவு எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்தின் சில மாத வருமானம் போய்விடும். ஆகவே எந்த ஆதாரத்தில் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்பது அவர் உரிமை.

என்னிடம் படித்து இப்போது சொந்தமாக ஒர்க்ஷாப் நடத்தும் ஒரு தம்பி, சிலிண்டர் கசிவைப் பார்க்க ஒரு கருவியைத் தானே செய்திருக்கிறார். புதுப்பேட்டையில் வாங்கிய இரண்டு கேஜ், ஒரு ரெகுலேட்டர், லேத்தில் கடைந்த ஒரு நிப்பிள், பீங்கானை உடைத்தெடுத்த பழைய ஸ்பார்க் பிளக், கொஞ்சம் ஹோஸ். அவ்வளவுதான். அவர் கேட்டார்: "சார், என் கருவியில் இந்த சிலிண்டர் 22 சதவீதம் கசிவு காட்டுது. பக்கத்து ஒர்க்ஷாப்காரர் செய்த கருவியில் அதே சிலிண்டர் 5 சதவீதம் காட்டுது. எது பொய்?"

இரண்டுமே பொய் சொல்லவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன், எஞ்சினியர் இல்லை. ஆனால் இதற்கு வேண்டிய இயற்பியல் பள்ளிப் பாடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வரலாற்றோடு சேர்த்துச் சொன்னால் இன்னும் எளிது.

எஞ்சினின் வரலாறு முழுவதும் கசிவோடு போட்ட சண்டைதான். 1712-இல் இங்கிலாந்தில் டட்லி ஊருக்கு அருகே தாமஸ் நியூகோமன் நிறுவிய நீராவி எஞ்சினில், சிலிண்டர் உட்புறம் சரியான வட்டமாக இருக்காது. பிஸ்டன் ஓரத்தில் தோல் வைத்து, அதன் மேல் தண்ணீரை நிறுத்திவைத்தார். இடுக்கு வழியாகக் காற்று இறங்காமல் அந்தத் தண்ணீரே அடைத்துக்கொண்டது.

ஜேம்ஸ் வாட் வந்தபோது இந்த உபாயம் உதவவில்லை. அவருடைய எஞ்சினில் சிலிண்டர் எப்போதும் சூடாக இருக்க வேண்டும். மேலே தண்ணீர் நின்றால் குளிர்ந்துவிடும். சணலும் கொழுப்பும் திணித்துப் பார்த்தார். இடுக்கு பெரிதாக இருந்தால் அது எத்தனை நாள் நிற்கும்? 1769-இல் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் பெரிய எஞ்சின் கசிவில்லாமல் ஓடப் பல வருடம் ஆனது. தீர்வைத் தந்தவர் ஜான் வில்கின்சன் என்ற இரும்பாலைக்காரர். பீரங்கிக் குழாய் குடைவதில் தேர்ந்தவர். 1775 வாக்கில், இரண்டு முனையிலும் தாங்கி கொடுத்த கெட்டியான தண்டில் வெட்டுளியைப் பொருத்தி சிலிண்டரைக் குடைந்தார். 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் எந்த இடத்திலும் பிசகு ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூட இல்லை என்று வாட்டின் பங்குதாரர் போல்டன் பெருமையாக எழுதினார். ஒரு நாணயத்தின் கனம் பிசகு அன்றைக்கு உலக சாதனை! இன்றைக்கு அம்பத்தூரில் போரிங் போடும் பையன் அந்த சிலிண்டரைத் தொடக்கூட மாட்டான்.

அடுத்த பெரிய படி பிஸ்டன் ரிங். ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரயில்வே பொறியாளர் 1852-இல் ஒரு எளிய யோசனைக்குக் காப்புரிமை எடுத்தார். உலோக வளையத்தை ஓர் இடத்தில் வெட்டி, சிலிண்டரைவிடச் சற்றுப் பெரிதாகச் செய்து, அமுக்கி உள்ளே போடுவது. அது தன் சொந்த வில்விசையால் சுவரை ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் ஏறும்போது வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை இன்னும் இறுக்கமாகச் சுவரோடு தள்ளும். கசிய முயலும் வாயுவே கசிவை அடைக்கிறது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது; ராம்ஸ்பாட்டம் யோசனை பிறந்து அப்போது நான்கே வருடம்.

ஒன்றைக் கவனியுங்கள். ரிங்கில் வெட்டு இருக்கிறது. சூட்டில் விரிவதற்கு அந்த வாயில் இடைவெளி விட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் ரிங் சுவரில் இறுகிக்கொள்ளும். 100 மி.மீ. போருக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இடைவெளி வைப்பது வழக்கம். அதாவது புத்தம் புது எஞ்சினும் கசியும். 'கசிகிறதா?' என்பது கேள்வியே அல்ல. 'எவ்வளவு? எங்கே?' என்பவைதான் கேள்விகள்.

இந்தக் கதை நம் ஊர்ப் பக்கம் வந்தது 1940-களின் இறுதியில். ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கியது. 1955-இல் அது அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் பேர்போனது. அதே 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. கடற்கரையை ஒட்டிய இந்தச் சில கிலோமீட்டருக்குள் எத்தனையோ குடும்பங்கள் போர், ஸ்லீவ், ரிங், வால்வு என்ற சொற்களோடுதான் வளர்ந்தன.

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்குக் கசிவு என்றால் என்னவென்று காலுக்கே தெரியும். இடது கைப்பிடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், டீகம்ப்ரசர். அதை அமுக்கினால் சிலிண்டரில் அடைபட்ட காற்று வெளியே போகும், கிக்கர் லேசாக இறங்கும். விட்டுவிட்டு மிதித்தால் கால் எதிர்த்து நிற்கும். அது நாமே வேண்டுமென்று உண்டாக்கும் கசிவு. வயதான எஞ்சினில் அந்த நெம்புகோலைத் தொடாமலேயே கிக்கர் லேசாக இறங்கினால், டீகம்ப்ரசர் வேலையை வேறு ஏதோ இடுக்கு செய்கிறது என்று அர்த்தம்.

டீசலில் இது இன்னும் முக்கியம். அங்கே தீப்பொறி கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சின் முதல் இன்றைய லாரி வரை, காற்றை அமுக்கி உண்டாகும் சூட்டில்தான் எண்ணெய் பற்றுகிறது. 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற வேண்டும். கசிந்தால் அழுத்தம் குறையும், சூடும் குறையும்.

ஒரு சந்தேகம் வரலாம். வண்டி ஓடும்போது நன்றாக இழுக்கிறது, மார்கழி விடியலில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, ஏன்? கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது பிஸ்டன் கீழிருந்து மேலே வர 15 மில்லி விநாடிதான் ஆகிறது. காற்று தப்பிக்க நேரமே இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் 200 சுற்றில் சுழற்றும்போது அதே பயணத்துக்கு 150 மில்லி விநாடி. துளை அதேதான், தப்பிக்கக் கிடைத்த நேரம் பத்து மடங்கு. தேய்ந்த எஞ்சின் முதலில் ஸ்டார்ட்டிங்கில் காட்டிக்கொடுப்பது இதனால்தான்.

கசிவைப் பார்க்க வழக்கமான வழி கம்ப்ரஷன் கேஜ். பிளக் துளையில் மாட்டி எஞ்சினைச் சுற்றினால் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று காட்டும். நல்ல கருவிதான். ஆனால் பேட்டரி இறங்கியிருந்தால், ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால், ஏர் கிளீனர் அடைத்திருந்தால் அளவு குறையும். சிலிண்டர் மேல் எண்ணெய் நின்றால் இடுக்கை அடைத்து அளவைக் கூட்டிக் காட்டும். எங்கே கசிகிறது என்றும் அது சொல்லாது.

நம் தம்பி செய்த கருவி வேறு வகை. எஞ்சின் சுற்றாது. பிஸ்டனை உச்சிக்கு, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, வெளியிலிருந்து கம்ப்ரசர் காற்றை உள்ளே விடுகிறோம். முதல் கேஜ் ரெகுலேட்டரின் அழுத்தத்தைக் காட்டும், 100 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு காற்று ஒரு சின்னத் துளை வழியாகப் போகிறது. துளைக்கு அப்பால் இரண்டாவது கேஜ், அதற்கு அப்பால் சிலிண்டர். இந்தச் சின்னத் துளைதான் கருவியின் உயிர்.

மீஞ்சூர் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசலில் ஏறுகிறார்கள், பின்வாசலில் இறங்குகிறார்கள். உள்ளே நெரிசல் எவ்வளவு என்பது எதைப் பொறுத்தது? பின்வாசலை மட்டும் பொறுத்ததல்ல, இரண்டு வாசலின் விகிதத்தைப் பொறுத்தது. முன்வாசல் அகலமாக இருந்தால், பின்னால் சிலர் இறங்கினாலும் பேருந்து நிறைந்தே இருக்கும். முன்வாசல் குறுகலாக இருந்தால் அதே சிலர் இறங்கும்போது பேருந்து காலியாகிவிடும். இங்கே நெரிசல் என்பது சிலிண்டர் அழுத்தம். முன்வாசல் நிப்பிளில் போட்ட துளை, அதன் அளவு நமக்குத் தெரியும். பின்வாசல் ரிங், வால்வு, கேஸ்கட் இடுக்குகள், அவற்றின் அளவு தெரியாது. உள்ளே போகும் காற்றும் வெளியேறும் காற்றும் சமமானதும் முள் நின்றுவிடும். தெரிந்த துளையை வைத்துத் தெரியாத துளையை அளக்கிறோம்.

துளை வழியாக வாயு எவ்வளவு பாயும் என்ற சூத்திரத்தை 1839-இல் பிரான்சில் செயின்ட் வெனான், வான்செல் என்ற இருவர் வெளியிட்டார்கள். அதில் ஒரு வினோதம். வெளி அழுத்தத்தைக் குறைக்கக் குறைக்கப் பாய்ச்சல் கூடும்; ஆனால் உள் அழுத்தத்தில் சுமார் 53 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், அதற்கு மேல் எவ்வளவு குறைத்தாலும் பாய்ச்சல் கூடாது. இதற்கு அழகான காரணம் சொன்னவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், 1880-களில். 'வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது' என்ற செய்தி காற்றில் ஒலியின் வேகத்தில்தான் பரவ முடியும். துளையின் கழுத்தில் காற்றே ஒலியின் வேகத்தில் ஓடிவந்தால், அந்தச் செய்தி எதிர்நீச்சல் போட்டு உள்ளே போக முடியாது. செய்தி எட்டாததால் உள்ளே இருக்கும் காற்று தன் வேகத்தை மாற்றிக்கொள்வதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கில் கேஜ் காட்டும் எண்ணோடு காற்று மண்டலத்தின் 14.7 பி.எஸ்.ஐ.-யையும் கூட்ட வேண்டும். டாரிசெல்லி 1643-இல் பாதரசத்தை வைத்துக் காட்டிய அதே காற்றின் எடைதான். கேஜில் பூஜ்யம் என்றால் அழுத்தமே இல்லை என்று பொருள் அல்ல. இதையும் சேர்த்துப் பார்த்தால், சிலிண்டர் கேஜில் 13-க்கு மேல் இருக்கும்வரை கசியும் காற்று ஒலியின் வேகத்தில்தான் வெளியேறுகிறது.

சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். ரெகுலேட்டரில் 100 பி.எஸ்.ஐ., நிப்பிளில் 1 மி.மீ. துளை, இரண்டு துளையும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்று வைத்துக்கொண்டால்:

சிலிண்டர் கேஜ் 88 காட்டினால், கசிவு 0.8 மி.மீ. துளைக்குச் சமம்.
78 காட்டினால், 1 மி.மீ. துளைக்குச் சமம்.
60 காட்டினால், 1.2 மி.மீ.
50 காட்டினால், 1.3 மி.மீ.

எல்லாம் ஏறத்தாழத்தான். உண்மையான கசிவு ஒரே வட்டத் துளை அல்ல. பல இடுக்குகளின் கூட்டு. ஆனாலும் இதிலிருந்து தெரிவது பெரிய உண்மை. 12 சதவீதக் கசிவுக்கும் 50 சதவீதக் கசிவுக்கும் நடுவில் துளையின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான் கூடியிருக்கிறது. '50 சதவீதக் கசிவு' என்றால் பாதிக் காற்று போய்விட்டது என்றோ எஞ்சினின் பாதி சக்தி போய்விட்டது என்றோ பொருள் இல்லை. முள் எங்கே நின்றது என்பது மட்டுமே அதன் பொருள்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அவர் நிப்பிளில் போட்டது 1 மி.மீ. டிரில். பக்கத்து ஒர்க்ஷாப்காரர் போட்டது 1.5 மி.மீ. என்று விசாரித்துச் சொன்னார். 1 மி.மீ.-க்குச் சமமான ஒரே கசிவை இரண்டிலும் கணக்கிட்டால், முதல் கருவியில் 78, அதாவது 22 சதவீதம். இரண்டாவதில் 95, அதாவது 5 சதவீதம். அப்படியே ஒத்துப்போகிறது! 2 மி.மீ. டிரில் போட்டிருந்தால் 98 காட்டி, 'எஞ்சின் புதுசு மாதிரி' என்று சொல்லியிருக்கும்.

பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். '20-க்கு மேல் போனால் எஞ்சின் வேலை' என்று எங்கோ படித்த விதியை, துளை அளவு தெரியாத ஒரு கருவியோடு சேர்த்தால், நல்ல எஞ்சினைப் பிரித்துவிடுவோம். அல்லது பழைய வண்டி விற்பவர் பெரிய துளைக் கருவியால் '5 சதவீதம்' காட்டி, தேய்ந்த எஞ்சினை நம் தலையில் கட்டிவிடுவார். யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. டிரில் அளவே பொய் சொல்லிவிடும்.

விமானத் துறையில் இதை எப்போதோ ஒழுங்குபடுத்திவிட்டார்கள். பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கு அமெரிக்க விமானத் துறை சொல்லும் சோதனையில் அழுத்தம் 80 பி.எஸ்.ஐ. சிறிய போர் சிலிண்டர்களுக்குத் துளை 0.040 அங்குலம், அதாவது 1 மி.மீ.தான். துளையின் நீளம், அதன் வாயின் சாய்வுக் கோணம்கூடக் குறிப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை கட்டுப்பாடும் எதற்கு? ஒரு ஊரில் எடுத்த 70-உம் இன்னொரு ஊரில் எடுத்த 70-உம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான்.

வீட்டில் செய்த கருவியையும் அப்படிச் சரிபார்க்கலாம். அடைத்த ஒரு பழைய பிளக்கில் 1 மி.மீ. துளை போட்டு, அதைக் கருவியின் முனையில் மாட்டி 100 பி.எஸ்.ஐ. கொடுங்கள். நிப்பிளிலும் 1 மி.மீ. என்றால் முள் 78 பக்கம் நிற்க வேண்டும். எங்கே நிற்கிறதோ அதைக் கருவியின் மேலேயே எழுதிவையுங்கள். சிலிண்டர் அதைவிட மேலே காட்டினால் கசிவு 1 மி.மீ.-க்குக் குறைவு, கீழே காட்டினால் அதிகம். சதவீதமே தேவையில்லை. பெரிய கம்ப்ரசரும் தேவையில்லை. 1 மி.மீ. துளை வழியாக 100 பி.எஸ்.ஐ.-யில் நிமிடத்துக்கு அதிகபட்சம் சுமார் 70 லிட்டர் காற்றுதான் போகும். பஞ்சர் கடை கம்ப்ரசரே போதும்.

எண்ணைவிடக் காது முக்கியம். காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது நான்கு இடத்தில் கேளுங்கள். சைலன்சரில் சீறினால் எக்சாஸ்ட் வால்வு. ஏர் கிளீனர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் ஊதினால் ரிங் அல்லது போர். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல். வால்வு, கேஸ்கட் என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். எஞ்சினை இறக்க வேண்டாம். அதே 40 சதவீதம் சைலன்சரில் சீறினால் ஒரு செலவு, ஆயில் மூடியில் ஊதினால் வேறு செலவு. எல்லா சிலிண்டரையும் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அது வயசுத் தேய்மானம் அல்ல, அந்த ஒன்றின் கோளாறு.

இனி, ஆசிரியராக அதட்டிச் சொல்ல வேண்டிய ஒன்று. 100 பி.எஸ்.ஐ. என்பது கேட்கச் சின்ன எண். 70 மி.மீ. போர் உள்ள பழைய 350 புல்லட்டின் பிஸ்டன் மேல் அது 270 கிலோ எடையை ஏற்றியதற்குச் சமம். 100 மி.மீ. போர் என்றால் 550 கிலோ. பிஸ்டன் உச்சியிலிருந்து சற்று விலகியிருந்தாலும் அது கிராங்கைச் சுழற்றிவிடும். கிராங்கில் ஸ்பானரை மாட்டியபடி காற்றைத் திறந்தால் ஸ்பானர் கையை உடைக்கும். ஃபேன், பெல்ட் பக்கம் விரல் வேண்டாம். சாவியை எடுத்துவிடுங்கள், பேட்டரி கழன்றிருக்கட்டும். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறிய பிறகே திறக்க வேண்டும். ரெகுலேட்டரை பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள்.

300 வருடமாக எஞ்சின் செய்தவர்கள் எல்லாரும் ஒரு இடுக்கை இன்னொன்றோடு ஒப்பிட்டுத்தான் முன்னேறினார்கள். போல்டன் நாணயத்தின் கனத்தை வைத்துச் சொன்னார். நாம் 1 மி.மீ. டிரில்லை வைத்துச் சொல்கிறோம். எதை வைத்து அளந்தோம் என்று சொல்லாத எண்ணை நம்பி யாரும் எஞ்சினையும் பிரிக்க வேண்டாம், பணத்தையும் கொடுக்க வேண்டாம். "எத்தனை மி.மீ. துளையில் எடுத்தது?" என்று மெக்கானிக்கைப் பணிவாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார், மகிழ்ச்சியாகவே சொல்வார்.

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறவினர்கள் இதைப் படிப்பீர்கள். உங்கள் காலத்தில் கசிவை எப்படிச் சோதித்தீர்கள் என்று கமெண்ட்டில் எழுதுங்கள். பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். கருவி செய்து பார்க்கிறவர்கள் துளை அளவோடு முடிவைப் போடுங்கள். சேர்ந்து கணக்குப் போடலாம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
அத்திப்பட்டு.